மாட்டின் லூதர் கிங்கின் இறுதி ஆண்டுகள்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் சனவரி மாதத்து மூன்றாவது திங்கட்கிழமை மாட்டின் லூதர் கிங்கின் நினைவாக அரசாங்க விடுமுறை நாளாக உள்ளது. இதற்கான சட்டத்தில் சனாதிபதி றேகன் 1983ஆம் ஆண்டு ஒப்பமிட்டார். அந்நாளில் மேடைகளிலும் பாடசாலைகளிலும் பெரிதும் எடுத்துரைக்கப்படுவது ஒரு சொற்பொழிவே. 1963ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள், வாஷிங்டன் நகரில் ஏறத்தாழ 250,000 மக்கள் முன்னிலையில் அவர் தமது கனவை எடுத்துரைத்த சொற்பொழிவு அது. அதன் பெருமையை மறுப்பார் இலர். ஆயினும் அத்துடன் கிங்கின் வரலாற்றை முடித்துவிடுதல், நூலொன்றின் முதற்பாகத்தை மட்டும் படித்து மூடிவிடுதலை ஒக்கும். அப்பேரணியின் பெயரே ‘வேலைக்கும் விடுதலைக்குமான பேரணி’ என்பதாகும். மணிக்கு இரண்டு டொலர் குறைந்தபட்சக் கூலி வேண்டுமென்பது அதன் கோரிக்கைகளுள் ஒன்று. பிற்காலத்தார் விடுதலையை நினைவிற் கொண்டு வேலையை மறந்தனர்.

1964ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டமும் தென் மாநிலங்களின் நிறப் பாகுபாட்டைச் சட்டத்தளவில் வீழ்த்தின. வாக்குரிமைச் சட்டத்தில் ஒப்பமிட்டு ஐந்து நாட்களே கழிந்த நிலையில், லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் வாட்ஸ் பகுதியிற் கலகம் மூண்டு 34 பேர் மாண்டனர். அவ்விடத்தை நேரிற் கண்ட கிங், வடபுலத்து நகரங்களின் வறுமையைச் சட்டங்கள் தீண்டவேயில்லை என உணர்ந்தார். உணவுச்சாலையில் எவரோடும் சமமாக அமரும் உரிமை பெற்றவனிடம் உணவுக்குக் கொடுக்கக் காசில்லையெனில் அவ்வுரிமையால் ஆவதென்ன என்ற கருத்துப்பட அவர் பின்னர் மேடைகளில் வினவினார்.

இவ்வுணர்வுக்கு இந்தியப் பயணமும் துணைசெய்தது எனலாம். 1959இல் திருவனந்தபுரத்தில், தாழ்த்தப்பட்டோர் பிள்ளைகள் பயின்ற பாடசாலையொன்றின் தலைமையாசிரியர், அமெரிக்காவிலிருந்து வந்துள்ள தீண்டப்படாதவர் ஒருவர் எனத் தம்மை மாணவர்க்கு அறிமுகப்படுத்தியதாகவும், முதலில் மனம் வருந்தினும் பின்னர் அது மெய்யே எனத் தாம் ஒப்பியதாகவும் 1965ஆம் ஆண்டுப் பிரசங்கமொன்றில் அவர் கூறினார். கிங் காந்தியடிகளிடம் அகிம்சையைக் கற்றார் என்பதை எல்லாரும் கூறுவர். தீண்டாமை என்னும் கண்ணாடியில் அவர் தம் நாட்டைக் கண்டதை அத்துணைப் பேர் கூறுவதில்லை. நம்மவர்க்கும் அது உவப்பான செய்தியன்று.

1966இல் அவர் சிக்காகோ நகரின் சேரிப்பகுதியிற் குடும்பத்தோடு வாடகைக்குக் குடியேறி, வீட்டுவசதியிற் காட்டப்பட்ட பாகுபாட்டை எதிர்த்தார். ஆகஸ்டு மாதத்தில் வெள்ளையர் வாழ்ந்த பகுதியூடாக ஊர்வலம் சென்றபோது கல்லெறிபட்டு நிலத்தில் விழுந்தார். அவ்வாண்டில் கலப் நிறுவனத்தார் எடுத்த கருத்துக்கணிப்பில் அவரை விரும்பாதோர் நூற்றுக்கு 63 பேர். 2011இல் அதே நிறுவனத்தார் வினவியபோது அவரை மதிப்போர் நூற்றுக்கு 94 பேராயினர்! இடைக்காலத்தில் மாறியவர் கிங் அல்லர்.

1967 ஏப்ரல் 4ஆம் நாள், நியூயோர்க் றிவர்சைட் தேவாலயத்தில் அவர் வியட்நாம் போரைக் கண்டித்தார். உலகில் வன்முறையை மிகுதியாகப் பரப்புவது தம் அரசாங்கமே என்றும், வறியோர்க்குரிய பணத்தைப் போர் விழுங்குகின்றதென்றும் உரைத்தார். நியூயோர்க் டைம்ஸ், வாஷிங்டன் போஸ்ட் ஆகிய பத்திரிகைகள் அவரைக் குறைகூறின; கறுப்பின மக்களின் பழைய இயக்கங்களும் விலகி நின்றன. இக்கண்டனம் முழுவதையும் காழ்ப்பெனத் தள்ளுதல் நேர்மையாகாது. இரு பெருஞ் சட்டங்களையும் நிறைவேற்றிய சனாதிபதி ஜோன்சனைப் பகைத்தல் இயக்கத்துக்கு இழப்பே என அஞ்சியோர் அரசியலறியாதவர் அல்லர். கிங் அவ்விழப்பை அறிந்தே ஏற்றார்.

அவ்வாண்டு இறுதியில் அவர் அறிவித்தது வறியோர் இயக்கம். கறுப்பர், வெள்ளையர், செவ்விந்தியர், மெக்சிக்க வழியினர் எனப் பலவினத்து ஏழைகளும் தலைநகரிற் பாளையமிட்டு, வேலையும் உத்தரவாதமான வருமானமும் கேட்பதென்பது அவர் திட்டம். அதற்கான ஆயத்தங்களிடையே மெம்பிஸ் நகரிலிருந்து அழைப்பு வந்தது. அங்கு 1968 பெப்ரவரி 1ஆம் நாள், மழைக்குக் குப்பை வண்டியினுள் ஒதுங்கிய எக்கல் கோல், றொபேட் வாக்கர் என்னும் நகரசுத்தித் தொழிலாளர் இருவர், குப்பையை நெரிக்கும் பொறி இயங்கியமையால் நசுங்கி மாண்டனர். 12ஆம் நாள் ஏறத்தாழ 1,300 தொழிலாளர் வேலையை நிறுத்தினர். ‘நான் ஒரு மனிதன்’ என்னும் வாசகம் எழுதிய அட்டைகளைத் தாங்கி அவர்கள் வீதிகளில் நடந்தனர். முழுநேரம் உழைத்தும் அரசாங்கத்தின் வறியோர் உதவிக்குரியவராய் இருந்தோர் அவர்களுட் பலர்.

இப்போராட்டத்தில் ஈடுபடுதல் பெருந்திட்டத்துக்குத் தடையாகுமெனத் துணைவர் சிலர் தடுத்தனர், கிங் சென்றார். மார்ச்சு 28ஆம் நாள் அவர் நடத்திய ஊர்வலம் குழப்பத்தில் முடிந்தது. பதினாறு வயதுச் சிறுவன் ஒருவன் பொலிசாரின் வேட்டுக்கு இரையானான். அமைதியான ஊர்வலமொன்றை நடத்திக்காட்டவே அவர் ஏப்ரல் 3ஆம் நாள் மீண்டும் மெம்பிஸ் வந்தார். மறுநாள் மாலை, தங்கியிருந்த விடுதியின் மேன்மாடத்தில் நின்றபோது சுடப்பட்டு இறந்தார். அப்பொழுது அவருக்கு வயது 39. றிவர்சைட் சொற்பொழிவு நிகழ்ந்து அன்றோடு சரியாக ஓராண்டு.

ஏப்ரல் 16ஆம் நாள் மெம்பிஸ் நகராட்சி தொழிலாளரின் சங்கத்தை ஏற்றுக் கூலியை உயர்த்த இணங்கியது. வறியோர் மே மாதத்தில் வாஷிங்டன் சென்று, 1963இல் கிங் பேசிய இடத்தருகே பலகைக் குடில்களை அமைத்தனர். மழையிலும் சேற்றிலும் ஆறு வாரங்கள் அங்குத் தங்கினர். ஜூன் 24ஆம் நாள் பொலிசார் வந்து, எஞ்சியிருந்தோரைக் கைதுசெய்து குடில்களை அகற்றினர்.