அன்பினால் சேர்த்த படச்சுருள்கள்

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் எனச் சென்னையின் தென்புறநகரில் பரவியிருக்கும் நம் பங்குகளில், இளைஞர் நால்வர் கூடினால் இன்று ஒரு குறும்படம் உருவாகிவிடுகிறது. தவக்காலத்தில் ஆண்டவரின் பாடுகள், பங்குத் திருவிழாவில் பாதுகாவலரின் வரலாறு என்று கைப்பேசியிலேயே படம்பிடித்துக் காட்டுகின்றனர். கண்டு மகிழும் பெற்றோரும், "இது சோறு போடுமா?" என்று கேளாமல் இருப்பதில்லை. விடை கூறுமுன், இத்தகைய ஆர்வத்துக்குத் தம் இளமையை ஈந்த தமிழர் ஒருவரை நாம் நினைவுகூர்தல் நலம்.

அவர் ஏ. கே. செட்டியார். 1911இல் கோட்டையூரில் பிறந்தவர். இளம் வயதிலேயே இதழ்ப்பணியில் ஈடுபட்டு, இரங்கூனிலிருந்து வெளிவந்த 'தனவணிகன்' இதழின் ஆசிரியராக விளங்கினார். ஒளிப்படக் கலைமீது கொண்ட பற்று அவரை டோக்கியோவுக்கும், பின்னர் நியூயார்க்குக்கும் மாணவராக இட்டுச் சென்றது. 1937 அக்டோபர் 2 அன்று நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் சென்றுகொண்டிருந்தபோது, காந்தியடிகளின் வாழ்வைப் படமாக்க வேண்டும் என்னும் எண்ணம் அவருள் எழுந்தது. அன்று அடிகளின் பிறந்தநாள். செட்டியாருக்கோ 26 வயதுகூட நிறையவில்லை. பின்னால் ஒரு படப்பிடிப்பு நிலையமும் இல்லை. முன்னால் ஆங்கிலேய ஆட்சி நின்றது.

அவர் செய்த பணியின் தன்மையை நாம் உற்று நோக்கவேண்டும். கதை எழுதி, நடிகரை அமர்த்தி எடுத்த படமன்று அது. ஏறத்தாழ 30 ஆண்டுகளில், சுமார் 100 ஒளிப்பதிவாளர்கள் வெவ்வேறு நாடுகளில் எடுத்து வைத்திருந்த துண்டுப் படங்களை அவர் தேடிச் சேர்த்தார். இதற்காக நான்கு கண்டங்களில் ஏறத்தாழ ஒரு இலட்சம் மைல் பயணம் செய்தார். திரட்டிய படச்சுருள் சுமார் 50,000 அடி; அதிலிருந்து 12,000 அடி கொண்ட படம் உருப்பெற்று, 1940 ஆகஸ்டு 23 அன்று சென்னை ராக்சி திரையரங்கில் வெளியாயிற்று.

அக்காலத்தில் திருச்சபையும் திரைப்படத்தைக் குறித்து ஆழ்ந்து சிந்தித்தது. செட்டியார் கப்பலேறியதற்கு முந்தைய ஆண்டாகிய 1936இல், திருத்தந்தை 11ஆம் பத்திநாதர் திரைப்படம் பற்றித் தனிச் சுற்றுமடல் ஒன்றை வெளியிட்டார். தீய படங்களால் விளையும் கேட்டை அதில் கண்டித்த அவர், நல்ல படங்கள் மக்களை உயர்த்த வல்லவை என்பதையும் எடுத்துரைத்தார். 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமூகத் தொடர்புச் சாதனங்களுக்கென்றே தனி விதித்தொகுப்பு வழங்கியது. செட்டியார் நம் சமயத்தவர் அல்லர். எனினும் ஓர் அறவோரின் வாழ்வை மக்கள் கண்முன் நிறுத்தியதில், கருவியை அதன் நற்பயனுக்கே ஆக்கினார்.

அப்படத்துக்குப் பின் அவர் திரைத்தொழிலைப் பிழைப்பாகக் கொள்ளவில்லை. ஆயினும் சேர்த்து வைக்கும் அந்தப் பற்று அவரை விடவில்லை. 1943இல் 'குமரி மலர்' இதழைத் தொடங்கி, மறைந்துபோகவிருந்த பழைய எழுத்துகளைத் தேடி எடுத்து அதில் பதிப்பித்தார். 1983இல் மறையும்வரை இதழாளராகவே வாழ்ந்தார். இலத்தீன் மொழியில் 'அமாத்தோர்' என்றால் அன்பு செய்பவர் என்று பொருள். ஊதியம் கருதாமல் ஒரு கலையில் ஈடுபடுவோரைக் குறிக்க ஐரோப்பியர் வழங்கும் சொல் இதிலிருந்தே பிறந்தது. செட்டியாருக்கு அது முற்றும் பொருந்தும்.

ஆனால் அன்போடு சேர்த்ததைக் காக்க நாம் தவறினோம். 1953இல் அமெரிக்காவில் அப்படத்துக்கு ஆங்கில வடிவம் உருவாயிற்று. தமிழ் மூலமோ பின்னர் காணக் கிடைக்காமற் போயிற்று. ஆய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி பல்லாண்டுகள் தேடி, அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆங்கில வடிவத்தின் படியைக் கண்டறிந்தார். ஒருவர் உலகெங்கும் அலைந்து சேர்த்ததை, மற்றொருவர் மீண்டும் அலைந்து தேட நேர்ந்தது!

ஐயாயிரம் பேர் வயிறார உண்டபின், மிஞ்சிய துண்டுகள் வீணாகாதபடி சேர்த்து வைக்கச் சொன்னவர் நம் ஆண்டவர். அப்பத்தைப் பெருக்க வல்லவருக்கே துண்டுகள்மீது இவ்வளவு அக்கறை! நம் வீடுகளின் பரண்களிலும் பங்கு இல்லத்து அலமாரிகளிலும் கிடக்கும் பழைய ஒளிநாடாக்களை எண்ணிப் பார்ப்போம். திருமணம், புதுநன்மை, தேர்பவனி என்று யாரோ ஓர் ஆர்வலர் எடுத்தவை அவை. அவற்றின் ஓரத்தில், வீடுகள் நெருங்குமுன் இருந்த ஏரிக்கரையும் வயலும் பதிந்திருக்கக்கூடும். இன்று நம்மிடையே இல்லாத பெரியோரின் முகங்களும் இருக்கும். நம் கடற்கரைக் காற்றின் ஈரத்தில் ஒளிநாடாவில் பூஞ்சை படரும். காலம் செல்லச் செல்ல உருவும் ஒலியும் மங்கும்.

ஆகவே பெற்றோரே, உங்கள் பிள்ளையின் கலை சோறு போடாமலும் போகலாம். படிப்பையும் பிழைப்பையும் புறக்கணிக்க நாம் சொல்லவில்லை. ஆனால் அந்த ஆர்வத்தை வீண் என்று அணைத்துவிடாதீர்கள். இளைஞரே, புதிய படம் எடுக்குமுன், உங்கள் பங்கில் சிதறிக் கிடக்கும் பழையவற்றைத் தேடுங்கள். அவற்றைக் கணினியில் ஏற்றி, நாளும் இடமும் முதியோரிடம் கேட்டு எழுதி, இரண்டு இடங்களில் படி வையுங்கள். அன்பு சேர்த்ததை அன்பே காக்கவேண்டும்.