தொட்டிக்குள் ஒரு பிடி மண்

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பூந்தொட்டி வாங்கப் போன ஒருவர், எண் பெரிதானால் தொட்டியும் பெரிதாயிருக்கும் என்று நம்பி ‘அறுபது’ என்று கேட்டிருப்பாரானால், உள்ளங்கையில் அடங்கும் ஏறக்குறைய மூன்றங்குலத் தொட்டியைப் பெற்றுத் திகைத்திருப்பார். ‘முப்பத்திரண்டு’ என்று கேட்டவருக்கோ ஆறங்குலத் தொட்டி கிடைத்திருக்கும். குறித்த அளவுக் களிமண்ணில் எத்தனை தொட்டி வனையலாமோ அந்த எண்ணிக்கையையே குயவர்கள் தொட்டிக்குப் பெயராக வழங்கினமையால், எண் ஏற ஏறத் தொட்டி சிறுத்தது.

குயவரின் வசதிக்காகப் பிறந்த இக்கணக்கைத் தோட்டக்காரர்கள் செடி ஏறும் படிகளாக்கிக்கொண்டார்கள். நாற்றை முதலில் அறுபதிலும், அதன் வேர் தொட்டிச் சுவரைத் தொட்டு வளையத் தொடங்கிய பின் நாற்பத்தெட்டிலும், அதற்கப்பால் முப்பத்திரண்டிலுமாகப் படிப்படியாக மாற்றி நடுவது அவர்களது சம்பிரதாயம். சிறு செடியை எடுத்த எடுப்பிலேயே பெருந்தொட்டியில் வைத்தால், வேர் எட்டாத மண்ணில் நீர் தங்கி, காற்றுக்கு இடமின்றி மண் புளித்து, ஈற்றில் வேரே அழுகிவிடும் என்பதை அனுபவம் அவர்களுக்குப் போதித்திருந்தது. நீர் ஊற்றும் வேளையைக்கூட அவர்கள் காதால் அறிந்தார்கள்: சிறு மரக்கட்டையால் தட்டும்போது தொட்டி கணீரென்று ஒலித்தால் மண் காய்ந்துவிட்டது, மந்தமாக ஒலித்தால் ஈரம் மிஞ்சியிருக்கிறது. பின்னாளில் வந்த பிளாஸ்டிக் தொட்டி இந்தப் பாஷையைக் கற்கவில்லை.

தொட்டியின் விஷயத்தில் இவ்வளவு ஒழுங்கு கண்டவர்கள், அதற்குள் இடும் மண்ணின் விஷயத்தில் ஆளுக்கொரு மதமாக இருந்தார்கள். இலைமக்கு, பழஞ்சாணம், புகைக்கரி, எலும்புத்தூள், இடிந்த சுவரின் காரை ஆகியவற்றைச் செடிக்கொரு விகிதமாகக் கலந்து, அவ்விகிதத்தைக் குலதனம்போல் ரகசியமாகக் காத்தார்கள். ஆகவே ஒருவர் கண்ட பலன் மற்றவருக்குக் கிட்டவில்லை.

இந்த மயக்கத்தைத் தெளிவித்தது ஒரு நஷ்டமே. ஜான் இன்னஸ் என்ற வணிகர் விட்டுச்சென்ற செல்வத்தைக் கொண்டு 1910-இல் லண்டனின் தென்மேற்கிலுள்ள மெர்ட்டனில் தொடங்கி, வில்லியம் பேட்சனை முதல் தலைவராகப் பெற்ற தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில், பரம்பரைக் குணங்களை ஆராய்வதற்காக வளர்த்த பிரிமுலா நாற்றுகள் மண்வழி நோயால் மடிந்துவந்தன. அதன் காரணத்தைத் தேடிப் புகுந்த வில்லியம் லாரன்ஸும் ஜான் நியூவெலும், 1930-களில் எண்ணற்ற கலவைகளைச் சோதித்து, புற்பத்தைகளை அடுக்கி மக்கவைத்த மண்ணை நீராவியால் சுத்தி செய்து, அம்மண் ஏழு பங்கு, பீட் என்னும் சதுப்புநில மக்கு மூன்று பங்கு, மணல் இரண்டு பங்கு என்று கலந்தால், பெரும்பாலான செடிகளுக்கு அந்த ஒரே கலவை போதும் என்று நிரூபித்தார்கள். மண்ணின் உடலையும் அதன் உணவையும் அவர்கள் வேறு பிரித்ததே இதன் சூட்சுமம்: உடல் மாறாதிருக்க, கொம்பும் குளம்பும் இடித்த தூள், சூப்பர் பாஸ்பேட், பொட்டாசியம் சல்பேட் ஆகியவற்றின் அளவை மட்டும் செடியின் வளர்ச்சிக்கேற்ப இருமடங்கும் மும்மடங்குமாக உயர்த்தி, ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணிட்டார்கள். இங்கே எண் ஏற ஏறச் சத்தும் ஏறியது. நிலையம் இதை விற்று லாபம் தேடாமல் எல்லோருக்கும் வெளியிட்டமையால், குலரகசியம் பொதுச்சொத்தாயிற்று.

சதுப்புநிலங்கள் அழிகின்றனவே என்ற கவலை 1980-களுக்குப் பின் வலுத்தபோது, பீட்டுக்கு மாற்றாக நம்மவருக்குப் பழக்கமான ஒரு பொருள் முன்வந்தது. பொள்ளாச்சிப் பக்கத்தில் மட்டையிலிருந்து கயிற்றுக்கான நாரைப் பிரித்தபின் குவிந்து கிடந்த தென்னை நார்க்கழிவு, உப்புப் போகக் கழுவப்பட்டு, செங்கல்போல் அழுத்தப்பட்டுக் கப்பலேறத் தொடங்கியது. விக்டோரியா காலத்து இங்கிலாந்துத் தோட்டக்காரர்கள் இதையே கையாண்டு பின்னர் மறந்திருந்தார்கள் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. உரமென்று சொல்லத்தக்க சத்து இத்துகளில் மிகச் சொற்பம். எனினும் நனைத்தால் பன்மடங்கு உப்பி, நீரையும் காற்றையும் ஒருங்கே தாங்கி நிற்கிறது. அறுபதிலிருந்து நாற்பத்தெட்டுக்கு அவசரப்படாமல் மாற்றிய அந்தப் பழைய தோட்டக்காரர் காத்ததும், சத்தையன்று, வேர் மூச்சுவிடும் அந்த இடைவெளியைத்தான்.