மைக்ரோவேவ் அடுப்பும் 64 மீட்டர் தொலைநோக்கியும்

ஆபீஸ்ல ஆணி புடுங்கிக்கிட்டு இருந்தப்ப ஒரு நாள் டேமேஜர் கூப்பிட்டு, "மூணாவது மாடில தினமும் மதியம் வைஃபை படுத்துக்குதாம், என்னன்னு பாரு"ன்னார். லாக்ல ஒண்ணும் சிக்கலை. சானலை மாத்திப் பார்த்தேன், ம்ஹும். கடைசில ஸ்பெக்ட்ரம் அனலைசரைத் தூக்கிக்கிட்டு மாடி முழுக்க நடந்து, எங்கெங்கே எவ்வளவு இரைச்சல்னு வரைபடத்துல குறிச்சேன். சிவப்பு எல்லாம் பேன்ட்ரியைச் சுத்தியே! சாம்பார் சாதம் சுட வைக்கிற மைக்ரோவேவ் அடுப்பு.

இதுக்குப் போய் ரெண்டு நாள் வீணாச்சேன்னு நொந்துக்கிட்டப்பதான் பார்க்ஸ் கதை கண்ணுல பட்டுச்சு. அங்கே 1998ல பதிவான சிக்னலுக்கு 2015லதான் விடை கிடைச்சுது மக்களே.

இந்தச் சண்டைக்கு மூலம் 1947. அட்லாண்டிக் சிட்டி சர்வதேச மாநாட்டுல 2.45 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தை தொழில், அறிவியல், மருத்துவக் கருவிகளுக்குன்னு ஒதுக்கினாங்க. அடுப்பு அங்கே குடியேறிடுச்சு. 1985ல அமெரிக்காவின் எஃப்.சி.சி. அதே இடத்துல லைசென்ஸ் இல்லாம தகவல் அனுப்பவும் அனுமதிச்சுது. வைஃபை வந்தது அந்த வழியாத்தான். அதாவது நாமதான் ஒண்டுக்குடித்தனம் :-)

பார்க்ஸ், ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ்ல இருக்கிற 64 மீட்டர் ரேடியோ தொலைநோக்கி. 2001ல அங்கே பதிவான தரவுல, சில மில்லி செகண்டே நீடிச்ச ஒரு வெடிப்பை 2007ல லோரிமர் குழு அறிவிச்சுது. வேறொரு கேலக்ஸியிலிருந்து வந்ததுன்னாங்க. 2011ல சாரா பர்க்-ஸ்போலார் குழு கிட்டத்தட்ட அதே சாயல்ல 16 சிக்னல்களைப் பழைய தரவுல கண்டுபிடிச்சுது. ஆனா இதெல்லாம் 13 பீம்லயும் ஒரே நேரத்துல விழுந்திருந்தது. வானத்துல ஒரு புள்ளியிலிருந்து வந்தா அப்படி விழாது. 'பெரிடான்'னு பேர் வெச்சாங்க: போர்ஹேஸோட கற்பனை விலங்குகள் புத்தகத்துல வர்ற, மனுஷ நிழல் விழுற பறக்கும் மான். அப்போ லோரிமரோடதும் பூமிச் சரக்குதானோ? சந்தேகம் வலுத்தது. ஒரு புதுத் துறையே ஊத்திக்கிற நிலைமை.

2014 டிசம்பர்ல பார்க்ஸ்ல குறுக்கீட்டைக் கண்காணிக்கிற கருவி வெச்சாங்க. அடுத்த மாசமே மூணு பெரிடான்; மூணு முறையும் அதே நேரத்துல 2.4 கிகாஹெர்ட்ஸ்லயும் சிக்னல். அப்போ பிஎச்.டி. மாணவியா இருந்த எமிலி பெட்ராஃபும் மத்தவங்களும் அடுப்புல தண்ணி வெச்சு ஓட்டிப் பார்த்தாங்க. ஒண்ணும் வரலை!

நானா இருந்தா 'அடுப்பு நிரபராதி'ன்னு எழுதி டிக்கெட்டை க்ளோஸ் பண்ணியிருப்பேன். அவங்க விடலை. 2015 மார்ச்ல, அடுப்பு ஓடிக்கிட்டு இருக்கும்போதே கதவைத் திறந்தாங்க. பெரிடான் வந்துச்சு. மேக்னட்ரான் அணையுற அந்தக் கணத்துல 1.4 கிகாஹெர்ட்ஸ் பக்கமும் ஒரு துடிப்பு கிளம்புது. திறந்த கதவு வழியா வெளிய வருது, தொலைநோக்கி தோதான கோணத்துல இருந்தா மாட்டுது. 'டிங்' சத்தம் வர்ற வரைக்கும் பொறுத்திருந்தா ஒண்ணும் இல்ல. பசி அவசரம்!

லோரிமர் வெடிப்பு சில பீம்கள்ல மட்டும் விழுந்ததால தப்பிச்சுது. 2017ல அந்த வகையைச் சேர்ந்த இன்னொரு வெடிப்பு எந்தக் கேலக்ஸியிலிருந்து வருதுன்னே கண்டுபிடிச்சுட்டாங்க.

மூணாவது மாடியை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாத்திட்டேன். சாம்பார் சாதம் அங்கேயேதான் சூடாகுது.