கோணேசர் கடலும் ஒரு சிங்கள நடிகரும்

திருகோணமலை கோணேசர் ஆலயத்துக்குச் செல்பவர்கள் மலை விளிம்பில் நின்று கீழே கடலைப் பார்க்காமல் திரும்புவதில்லை. 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய பழைய கோயிலின் தூண்களும் கற்களும் கிடப்பது அந்தக் கடலுக்கு அடியில்தான். ஆங்கில எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவரது நண்பர் மைக் வில்சனும் 1950களில் அங்கே மூழ்கி அவற்றைக் கண்டு உலகுக்கு அறிவித்தனர். அதே மைக் வில்சன் இதே கடற்புறத்தைப் பின்னணியாக்கி ஒரு சிங்களத் திரைப்படம் எடுத்தார். 1962இல் வெளியான 'ரன் முத்து தூவ' என்ற அந்தப் படமே இலங்கையின் முதல் முழுநீள வண்ணப்படம். நீருக்கடியில் புதையல் தேடும் அந்தக் கதையின் நாயகர் காமினி பொன்சேகா.

அப்போது அவருக்கு வயது 26. முப்பது ஆண்டுகள் கழிந்தபின் இதே துறைமுக நகருக்கு வடக்குக் கிழக்கு மாகாண ஆளுநராக வரப்போகிறோம் என்று அவர் எண்ணியிருக்க மாட்டார்.

1936இல் தெகிவளையில் பிறந்தவர் காமினி. ஒளிப்பதிவின் மீதிருந்த ஆர்வத்தால் திரையுலகில் நுழைந்தார். கித்துல்கலையில் டேவிட் லீன் 'தி பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்' படத்தை எடுத்தபோது அந்தப் படப்பிடிப்புக் குழுவில் பணியாற்றினார். நடிகராக அவரைச் சிங்கள இரசிகர்கள் கவனித்த படம் 1960இல் வந்த 'சந்தேசய'. அதன் தயாரிப்பாளர் கே. குணரத்தினம் ஒரு தமிழர் என்பதை நம்மவர்கள் பலரும் மறந்துவிட்டனர். பின்னர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'கம்பெரலிய', 'நிதானய' ஆகிய படங்கள் காமினியை வெறும் சண்டைக் கதாநாயகராக அல்லாமல் ஆழமான கலைஞராக நிலைநிறுத்தின.

தமிழர்கள் அவரை நினைவிற் கொள்ள வேண்டியது 1979ஆம் ஆண்டுக்காக. சுனில் ஆரியரத்ன இயக்கிய 'சருங்கலே' அவ்வாண்டில் வெளிவந்தது. பட்டம் என்று பொருள்படும் பெயர். புகழின் உச்சியிலிருந்த சிங்கள நடிகர் ஒருவர், நடராஜா என்ற யாழ்ப்பாணத்துத் தமிழ் எழுதுவினைஞராகத் தோன்றித் தமிழிலும் பேசினார். வடக்கில் சாதியின் கொடுமையையும் தெற்கில் இனவெறியின் கொடுமையையும் ஒருங்கே காட்டிய அந்தப் படத்தில், 1958 கலவரத்திலே நடராஜா உயிரிழக்கிறார். இரு சமூகத்தவரும் தத்தம் முகத்தைப் பார்த்துக்கொள்ள வைத்த படம் அது.

ஆனால் நான்கே ஆண்டுகளில் 1983 ஜூலை வந்தது. சிங்களப் படங்களை இயக்கிய கே. வெங்கட் கொல்லப்பட்டார். குணரத்தினத்தின் ஹெந்தளை விஜயா ஸ்ரூடியோ தீக்கிரையானது. அதே குணரத்தினம் 1989இல் தென்னிலங்கைக் கிளர்ச்சியின்போது சுட்டுக் கொல்லப்பட்டார். திரையில் நடராஜாவுக்காகக் கண்ணீர் விட்ட நாடு, திரைக்கு வெளியே எதையும் கற்றுக்கொள்ளவில்லை.

காமினி அரசியலுக்கு வந்தார். 1989 முதல் 1994 வரை நாடாளுமன்றத்தின் பிரதிச் சபாநாயகராக இருந்தார். 1995இல் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க அவரைத் திருகோணமலைக்கு அனுப்பினார். மாகாண சபை 1990இலேயே கலைக்கப்பட்டுவிட்டதால், மக்கள் தெரிவுசெய்த முதலமைச்சரோ அமைச்சர்களோ இல்லாத மாகாணம் அது. நிர்வாகம் ஆளுநர் கையில் இருந்தது. ஆனால் துப்பாக்கிகள் அவர் கையில் இருக்கவில்லை. அவ்வாண்டு ஏப்ரலில் துறைமுகத்தில் இரு கடற்படைக் கலங்கள் தகர்க்கப்பட்டதோடு போர் மீண்டும் மூண்டது. ஒக்டோபரில் வலிகாமமே இடம்பெயர்ந்தது. 1996 பெப்ரவரி 11 அன்று, ஆளுநர் அலுவலகம் இருந்த அதே மாவட்டத்தின் குமாரபுரத்தில் இருபதுக்கும் மேற்பட்ட தமிழர்கள் கொல்லப்பட்டனர். குற்றஞ்சாட்டப்பட்ட இராணுவத்தினர் ஆறு பேரையும் 2016இல் நீதிமன்றம் விடுதலை செய்தது.

1998 வரை காமினி அந்தப் பதவியில் இருந்தார். நல்லெண்ணம் கொண்ட கலைஞர் ஒருவரைத் தமிழர் தாயகத்துக்கு அனுப்பினால் போதும் என்று கொழும்பு கருதியிருக்கலாம். காணி அதிகாரமும் காவற்றுறை அதிகாரமும் இல்லாத ஆசனத்தில் யார் அமர்ந்தாலும் என்ன செய்துவிட முடியும்? அவருடைய தோல்வி என்று இதைச் சொல்வது நியாயமன்று. அந்த ஆட்சிமுறையின் முகமாக அவர் இருக்கச் சம்மதித்தார் என்பதை மறைப்பதும் நியாயமன்று.

2004 செப்டெம்பர் 30 அன்று காமினி மறைந்தார். வடக்கும் கிழக்கும் 2007இல் பிரிக்கப்பட்டபின், அவர் வகித்த பதவியே இன்று இல்லை. எனினும் 'சருங்கலே' இருக்கிறது. சிங்கள நண்பர்கள் உங்களுக்கு இருந்தால் அவர்களோடு சேர்ந்து அமர்ந்து அதைப் பாருங்கள். படம் முடிந்தபின் பேசுவதற்கு இரு தரப்பிலும் நிறைய இருக்கும்.