மண் ஈரப்பத சென்சார்: பேட்டரி நீடிக்க, வயல் முழுதும் கண்காணிக்க

கம்பியில்லா ஈரப்பத சென்சாரில் பேட்டரி தீர்ந்துவிட்டால், அந்தப் பகுதியில் மண் காய்வது உங்கள் செல்போனுக்குத் தெரியாது. ஈரத்தை அளக்க ஆகும் மின்சாரம் குறைவு. அந்த அளவை ரேடியோ அலையில் அனுப்பத்தான் அதிகம் செலவாகிறது. எனவே கீழ்க்கண்டவற்றைக் கவனியுங்கள்.

இடைவெளி: 10 நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பினால் நாளுக்கு 144 முறை. மணிக்கு ஒருமுறை என்றால் 24 முறைதான். மண் ஈரம் மெதுவாகவே மாறுவதால், பெரும்பாலான பயிர்களுக்கு இது போதும்.

எண்ணிக்கை: ஏக்கருக்கு இத்தனை என்று வைக்க வேண்டாம். மண் வகை மாறும் இடத்துக்கும் ஒவ்வொரு சொட்டுநீர் வால்வுக்கும் ஒன்று வீதம், வேர்ப்பகுதி ஆழத்தில் பதியுங்கள்.

உயரம்: கரும்பு, வாழை இலைகளில் உள்ள நீர் சிக்னலைக் குறைக்கும். பயிர் முழுதாக வளர்ந்த பின் இருக்கும் உயரத்துக்கும் மேலே ஆன்டெனாவைக் கம்பத்தில் கட்டுங்கள்.

தூரம்: லோரா வகைக் கருவியில் எட்டும் தூரத்தை ஒரு படி கூட்டினால், அனுப்பும் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும், பேட்டரி சீக்கிரம் தீரும். சிக்னல் கிடைக்காவிட்டால் முதலில் ஆன்டெனாவை உயர்த்திப் பாருங்கள்; பிறகு படியைக் கூட்டலாம்.

வாரம் ஒருமுறை ஒவ்வொரு சென்சாரின் பேட்டரி அளவையும் பார்த்து, குறைந்ததை உடனே மாற்றிவிடுங்கள்.