வல்லார்பாடமும் ஒரு சட்டப் பிரிவும்

எறணாகுளத்திலிருந்து வைப்பீன் செல்லும் வழியில், காயல் நடுவே உள்ளது வல்லார்பாடம். அங்குள்ள மாதா கோயில் 1524-இல் போர்ச்சுக்கீசியர் எடுப்பித்து, 1676-இல் மீண்டும் கட்டப்பெற்றது. முற்றம் பெருக்குவது அங்கே நேர்த்திக்கடன். சிறைப்பட்டோரை மீட்பவள் என்பது அவ்வன்னையின் பெயர். பொருள் கொடுத்து அடிமைகளை மீட்கவென 1218-இல் பார்சிலோனாவில் தோன்றிய துறவியர் சபையின் மரபு அது.

போதைக்கு அடிமையானவனை மீட்கும் எண்ணம் நம் சட்டத்தில் புக நெடுநாளாயிற்று. 1937-இல் ராஜாஜி சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு, குடித்தலையே குற்றமாக்கிற்று. 1985-ஆம் ஆண்டின் போதைப் பொருள் சட்டமும் தண்டனைக்கே முதலிடம் தந்தது. ஆயினும் குற்றம் உறுதியான பின், நீதிமன்றம் விரும்பினால் சிகிச்சைக்கு விடுவிக்கலாம் என்று 39-ஆம் பிரிவில் ஒரு சாளரம் திறந்தது.

1989-இல் சேர்க்கப்பெற்று 2001-இல் விரிவாக்கப்பட்ட 64ஏ பிரிவோ கதவையே திறந்தது. குற்றஞ்சாட்டப்பட்ட அடிமை, தானே விரும்பி அரசு ஏற்ற மருத்துவமனையில் சிகிச்சை பெறுவானாயின், போதைப் பொருளை உட்கொண்டதற்கோ சிற்றளவு வைத்திருந்ததற்கோ அவன்மேல் வழக்கு நடவாது. கஞ்சா ஒரு கிலோவுக்கும் ஹெராயின் 5 கிராமுக்கும் உட்பட்டதே சிற்றளவு. சிகிச்சையை நடுவில் கைவிட்டால் இக்காப்பு பறிபோகலாம்.

கேட்பவனுக்கே இது கிட்டும். அயல்மொழி நீதிமன்றத்தில் நிற்கும் நம் இளைஞனோ, ‘நான் அடிமை’ என்று சொல்வது குற்றத்தை ஒப்புவதாகுமென அஞ்சி வாய்மூடுகிறான். வழக்கறிஞரிடம் முதல் நாளிலேயே அதைச் சொல்லச் செய்வது, உடன் செல்லும் நம்முடைய கடமையாகிறது. கேரளத்தில் 2016-இல் தொடங்கிய ‘விமுக்தி’ இயக்கம் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சைப் பிரிவுகளை அமைத்துள்ளது.