எல்லா காருக்கும் ஒரே சாக்கெட்

ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து பார்த்தால் 16 பின் கொண்ட ஒரு சாக்கெட் தெரியும். செக் எஞ்சின் விளக்கு எரிந்தால் மெக்கானிக் தன் ஸ்கேனரை அதில்தான் செருகுகிறார். ஹூண்டாயோ டொயோட்டாவோ, சாக்கெட் ஒன்றுதான். கார் கம்பெனிகள் பெருந்தன்மையோடு கூடிப் பேசி எடுத்த முடிவு என்று நினைத்துவிடாதீர்கள். அவர்களை இதற்கு இழுத்து வந்தது லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துப் புகை.

அந்நகருக்கு அருகே கால்டெக் பல்கலைக்கழகத்தில் அன்னாசிப் பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்தவர் ஆரி ஹாகன்-ஸ்மிட் என்ற டச்சு வேதியியலர். ஊரார் கண்ணை எரித்த புகைமூட்டத்தின் பக்கம் அவர் கவனம் திரும்பியது. கார்கள் கக்கும் வாயுக்கள் வெயில் பட்டு மாறுவதே காரணம் என்று 1950களில் நிறுவினார். 1967இல் உருவான கலிபோர்னியா காற்று வள வாரியத்துக்கு அவரே முதல் தலைவரானார். புகை விதிகள் இறுகின. அவற்றுக்கு ஈடுகொடுக்க எஞ்சினுக்குள் கம்ப்யூட்டர் நுழைந்தது.

1980களில் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் அந்தக் கம்ப்யூட்டர் கண்ட கோளாறை அறிய இரண்டு பின்களைச் சிறு கம்பியால் இணைத்தால் போதும், செக் எஞ்சின் விளக்கு கண் சிமிட்டும். ஒரு சிமிட்டல், இடைவெளி, இரண்டு சிமிட்டல் என்றால் கோட் 12. மற்ற கம்பெனிகளுக்கு வேறு சாக்கெட், வேறு கோட். 1988 மாடலிலிருந்து கலிபோர்னியா சுயபரிசோதனையைக் கட்டாயமாக்கியும் இந்தக் குழப்பம் தீரவில்லை. 1996இல்தான் அமெரிக்காவில் விற்கும் கார்கள் அனைத்துக்கும் ஒரே சாக்கெட் வந்தது.

அதிலும் ஒரு வேடிக்கை. சாக்கெட் பொது, உள்ளே பேசும் மொழி பொதுவல்ல. ஃபோர்டுக்கு ஒன்று, ஜெனரல் மோட்டார்ஸுக்கு ஒன்று, கிரைஸ்லரும் ஐரோப்பிய, ஆசியக் கார்களும் பெரும்பாலும் மூன்றாவது ஒன்று. எல்லாவற்றையும் கற்றுக்கொள்ளும் பாடு ஸ்கேனரின் தலையில் விழுந்தது. 1986இல் பாஷ் அறிமுகப்படுத்திய 'கேன்' முறையை அமெரிக்கா பொதுமொழியாகக் கட்டாயமாக்க 2008 ஆயிற்று. இதற்கிடையே ஐரோப்பா 2001இல் பெட்ரோல் கார்களுக்கு இதே சாக்கெட் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. ஓ.பி.டி. எனப்படும் இந்தச் சுயபரிசோதனை முறையின் இரண்டாம் கட்டம் இந்தியாவில் 2013இல் வந்தது.

ஸ்கேனரின் அந்தப் பாட்டை ஒரே சில்லுக்குள் அடக்கியது கனடாவின் எல்ம் எலெக்ட்ரானிக்ஸ். ஆனால் அந்தச் சில்லான இ.எல்.எம்.327இன் முதல் பதிப்பில் நகலெடுப்பைத் தடுக்கும் வசதியை இயக்காமலே விற்றுவிட்டார்கள். நகல்காரர்களுக்குக் கேட்கவா வேண்டும்! கட்டைவிரல் அளவு புளூடூத் கருவிகள் சந்தையில் குவிந்தன. பல நகல்கள் தங்களை '1.5 பதிப்பு' என்று சொல்லிக்கொள்கின்றன. அசல் கம்பெனி அப்படியொரு பதிப்பை வெளியிடவே இல்லை. 2022இல் அசல் கடையை மூடியது. நகல்கள் இன்றும் விற்கின்றன. திருட்டுதான், ஆனாலும் சாதாரணக் கார்க்காரர் கைக்கு ஸ்கேனரைக் கொண்டுவந்து சேர்த்தது அதுவே.

புகைக்காகப் பிறந்த விதி என்பதால், பொது ஸ்கேனர் உறுதியாகப் படிப்பது புகையோடு தொடர்புள்ள கோளாறுகளை மட்டுமே. பி0420 என்பது போல பி0 என்று தொடங்கும் கோட் எந்தக் காரிலும் ஒரே பொருள் தரும். பி1 என்று தொடங்கினால் அது கம்பெனியின் சொந்தக் கோட். ஏர்பேக், ஏ.பி.எஸ். விளக்குகளுக்காக ஸ்கேனர் வாங்குவதானால், உங்கள் கார் மாடலின் பெயரைச் சொல்லி, அவற்றையும் அது படிக்குமா என்று கேட்டுவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.